கேப் டவுனா, ரியோவா?

மலை வேண்டும் என்றால் ஒரு விடுமுறை, கடல் வேண்டும் என்றால் இன்னொரு விடுமுறை என்று பிரித்துப் போவதுதான் நமக்குப் பழக்கம். காலையில் மலையுச்சி, மாலையில் கடற்கரை, இரண்டுக்கும் நடுவே கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் என்று எல்லாவற்றையும் ஓர் ஊருக்குள்ளேயே வைத்திருக்கும் பெருநகரங்கள் உலகில் அதிகம் இல்லை. அவற்றில் முன்வரிசையில் இருப்பவை இரண்டு: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ.

வாழ்நாளில் ஒரு முறையாவது தொலைதூரப் பயணம் ஒன்று போய்வர வேண்டும் என்று காசு சேர்த்துவைத்திருக்கும் குடும்பம் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? படங்களை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு ஊர்களுமே படத்தில் அள்ளிக்கொண்டு போகும். முடிவு செய்ய வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கு விடுமுறை கிடைப்பது எந்த மாதம்? உங்களுடன் வருகிறவர்கள் யார்? அந்த ஊரின் கதையில் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

ஒரே கடல், இரு கரைகள்

இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் அட்லாண்டிக் கடல். இரண்டையும் ஐரோப்பிய வரைபடத்தில் ஏற்றியவர்கள் இந்தியாவுக்குக் கடல்வழி தேடிய காலத்துப் போர்த்துக்கீசிய மாலுமிகள். 1488ல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வந்தார். அதே வழியில்தான் வாஸ்கோ ட காமா 1498ல் கோழிக்கோட்டை அடைந்தார். 1502ல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் இன்று ரியோ நிற்கும் குவானாபாரா விரிகுடாவைக் கண்டன.

ரியோ நகரம் 1565ல் நிறுவப்பட்டது. 1763 முதல் 1960 வரை பிரேசிலின் தலைநகரம் அதுதான். நெப்போலியனின் படைக்கு அஞ்சிப் போர்த்துக்கல் அரச குடும்பம் 1808ல் இங்கே வந்து குடியேறியது. அதனால் ஓர் ஐரோப்பியப் பேரரசு சில ஆண்டுகள் தென்னமெரிக்க ஊர் ஒன்றிலிருந்து ஆளப்பட்டது. ஊரின் பழைய தெருக்களில் உள்ள அரண்மனைகளும் நூலகங்களும் தேவாலயங்களும் அந்தச் செல்வாக்கின் மிச்சம்.

கேப் டவுன் பிறந்த கதை வேறு. 1652ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே அமைத்தது ஒரு காய்கறித் தோட்டமும் தண்ணீர்த் துறையும்தான். ஆசியாவுக்குப் போய்வரும் தன் கப்பல்களுக்குக் குடிநீர், காய்கறி, இறைச்சி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்தத் தோட்டம் இன்றும் நகரத்தின் நடுவில் பூங்காவாக இருக்கிறது. பாராளுமன்றக் கட்டடம் அதன் ஓரத்தில்தான் நிற்கிறது.

துறைமுகம் என்ற வகையில் இரண்டும் எதிர்த் துருவங்கள். குவானாபாரா விரிகுடாவுக்கு வாய் குறுகல், வயிறு அகலம். எந்தப் புயலிலும் கப்பல்கள் உள்ளே ஒதுங்கிக்கொள்ளலாம். கேப் டவுனின் டேபிள் விரிகுடாவோ வடமேற்குப் பக்கம் திறந்து கிடக்கிறது. குளிர்காலப் புயல்களில் அங்கே நங்கூரம் போட்ட கப்பல்கள் கரையில் மோதி உடைந்துகொண்டே இருந்தன. அதனால்தான் 1860ல் அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் முதல் கல்லைக் கொட்டித் தொடங்கிவைத்தார். அந்தப் பழைய துறைமுகப் பகுதிதான் இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த வி அண்ட் ஏ வாட்டர்ஃப்ரன்ட். அருகிலேயே சரக்குக் கப்பல்கள் பழுதுபார்க்கப்படுவதைப் பார்த்தபடி காபி குடிக்கலாம்.

தட்டையான மலை, உருண்டையான மலைகள்

கேப் டவுனில் மலை ஒன்று. எங்கே நின்றாலும் அதுதான் கண்ணில் படும். 1,086 மீட்டர் உயரமுள்ள டேபிள் மவுன்டன் மணற்பாறை அடுக்குகளால் ஆனது. அடுக்குகள் கிடைமட்டமாக இருப்பதால் உச்சி தட்டையாக, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கிறது. நகரம் அதன் மடியில் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறது. இடது புறம் டெவில்ஸ் பீக், வலது புறம் லயன்ஸ் ஹெட், சிக்னல் ஹில் என்று துணைக்குன்றுகள்.

ரியோவில் மலைகள் பல. எல்லாம் கருங்கல் போன்ற உறுதியான பாறைகள். வெயிலும் மழையும் மேல்தோலை உரித்து உரித்து அவற்றைக் குவிமாடங்களாக்கிவிட்டன. அவை ஊருக்குப் பின்னால் வரிசையாக நிற்கவில்லை. ஊருக்குள்ளேயே ஆங்காங்கே முளைத்து நிற்கின்றன. ஒரு பேட்டையிலிருந்து அடுத்த பேட்டைக்குப் போகச் சுரங்கப்பாதை வழியாக மலையைக் குடைந்துதான் போக வேண்டும். கேப் டவுனில் மலை நகரத்தை ஆள்கிறது. ரியோவில் மலைகள் நகரத்தோடு கலந்து குடியிருக்கின்றன.

ஏறும் வழியிலும் இந்த வேறுபாடு தெரியும். டேபிள் மவுன்டனுக்கு 1929 முதல் கேபிள் கார் ஓடுகிறது. 1997ல் வந்த இப்போதைய பெட்டிகளில் 65 பேர் ஏறலாம். மேலே போகும் ஐந்து நிமிடத்தில் தரையே மெல்லச் சுழல்வதால் சன்னல் ஓரத்துக்கு யாரும் முண்டியடிக்க வேண்டியதில்லை. கால் வலு உள்ளவர்கள் பிளாட்டெக்லிப் பள்ளத்தாக்கு வழியாகக் கல்படிகளில் ஏறிப் போகலாம். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். நிழல் இல்லை. தண்ணீர் நிறைய வேண்டும்.

ரியோவில் ஏற வேண்டிய மலைகள் இரண்டு. விரிகுடாவின் வாயிலில் 396 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுகர்லோஃப் ஒன்று. 1912ல் தொடங்கிய அதன் கேபிள் கார் உலகின் பழமையானவற்றில் ஒன்று. முதலில் உர்கா குன்று, அங்கே இறங்கி மாறிச் சுகர்லோஃப் என இரண்டு கட்டப் பயணம். மற்றொன்று 710 மீட்டர் உயரமுள்ள கோர்கோவாடோ. 1931ல் திறக்கப்பட்ட மீட்பர் இயேசு சிலை நிற்பது இதன் உச்சியில்தான். சிலை மட்டும் 30 மீட்டர், பீடம் 8 மீட்டர். கான்கிரீட் உடலின் மேல் சின்னச் சின்ன மாக்கல் துண்டுகளைப் பதித்துக் கட்டியிருக்கிறார்கள். பொறியாளர் எய்டோர் ட சில்வா கோஸ்டா, சிற்பி பால் லான்டோவ்ஸ்கி.

கோர்கோவாடோவுக்குப் போகும் ரயில் சிலையைவிட மூத்தது. 1884ல் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெத்ரோ திறந்துவைத்த அந்தப் பாதையில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நம் நீலகிரி ரயிலைப் போலவே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் உண்டு. சிலையின் பாகங்களை மேலே கொண்டுபோனதும் இந்த ரயில்தான். காட்டுக்குள் இருபது நிமிடம் ஏறுகிறது.

ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலை கிழக்கு நோக்கி நிற்கிறது. முகத்தில் வெயில் விழுவது காலையில்தான். சூரியன் கோர்கோவாடோவின் பக்கம் இறங்குவதை நிதானமாகப் பார்க்கச் சுகர்லோஃப் உச்சிக்கு மாலையில் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு இடத்திலும் வெயில் கண்ணைக் கூசும்.

காற்றும் தண்ணீரும்

கேப் டவுன் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் தென்கிழக்குக் காற்றை. கோடையில் நாள்கணக்கில் அடிக்கும். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. தட்டையான உச்சி முழுவதையும் மூடி, விளிம்பில் வெள்ளையாக வழிந்து, கீழே வெப்பம் பட்டதும் மறைந்துபோகிறது. மேசைவிரிப்பு என்று ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். கீழே நின்று பார்க்க அற்புதம். ஆனால் அந்த நேரத்தில் கேபிள் கார் ஓடாது. சிறைத்தீவாக இருந்த ராபன் தீவுக்குப் போகும் படகும் சில நாள் நின்றுவிடும். ஆகவே வானம் தெளிவாக இருக்கும் முதல் நாளே மலைக்குப் போய்விடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளி வைப்பவர்கள் பலர் அடிவாரத்தோடு திரும்புகிறார்கள்.

தண்ணீரும் குளிர். பெங்குவெலா என்னும் குளிர்நீரோட்டம் அட்லாண்டிக் பக்கத்தைத் தொட்டு ஓடுகிறது. தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதனால் கோடை வெயில் சுட்டெரிக்கும் நாளிலும் கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் கடற்கரைகளில் நீரின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இருக்கும். குளிக்க ஆசையுள்ளவர்கள் மறுபக்கம் ஃபால்ஸ் பேயில் உள்ள மைசன்பெர்க் போக வேண்டும். அங்கே நீர் சில டிகிரி இதமாக இருக்கும். அலைச்சறுக்கு கற்றுக்கொள்பவர்கள் கூடும் இடமும் அதுதான்.

ரியோவில் இந்தக் கவலை இல்லை. வெப்பமான பிரேசில் நீரோட்டம் கரையோரமாக வருகிறது. நான்கு கிலோமீட்டர் நீளக் கோப்பகபானாவும் அடுத்துள்ள இபனேமாவும் ஊர்மக்களின் வாசல் திண்ணைகள். அலுவலகம் போகிறவர், பாட்டி, பந்தாடும் பிள்ளைகள், இளநீர் விற்பவர் எல்லாரும் அங்கேதான். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த இரண்டும் திறந்த கடலில் இருப்பவை. அலை இழுக்கும் நாளில் சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள், அதை மீறக் கூடாது. விரிகுடாவின் உள்பக்கத்துக் கரைகளில் கழிவுநீர் கலப்பதால் அங்கே குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மீண்டு வந்த காடு, அழியக் கூடாத பூ

ரியோவின் உண்மையான அதிசயம் எது என்று கேட்டால் திஜூகா காட்டைத்தான் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் மரங்களை வெட்டிக் காபி பயிரிட்டார்கள். சில பத்தாண்டுகளில் மண் அரித்துப்போனது, ஓடைகள் வற்றின, நகரத்துக்குக் குடிநீர் பற்றாக்குறை வந்தது. 1861ல் பேரரசர் இரண்டாம் பெத்ரோ தோட்டங்களை அரசுடைமையாக்கிக் காட்டைத் திரும்ப வளர்க்கச் சொன்னார். பொறுப்பு மேஜர் மனுவல் கோமஸ் ஆர்ச்சர் என்பவரிடம் வந்தது. அவரும் ஒரு சில அடிமைத் தொழிலாளர்களும் பதின்மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மரக்கன்றுகளை நட்டார்கள். பெருநகரத்தின் நடுவே இன்று அடர்ந்து நிற்கும் காடு அப்படி வந்ததுதான். 2012ல் யுனெஸ்கோ ரியோவின் மலை, கடல் நிலக்காட்சியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்தக் காடும் அதில் இடம்பெற்றது.

அங்கே நடக்கும்போது நமக்கு நன்றாகத் தெரிந்த மரம் ஒன்றும் கண்ணில் படும். அது பலா. போர்த்துக்கீசியர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பலா திஜூகாவில் பல்கிப் பெருகி, உள்ளூர் மரங்களுக்கு இடம் தராத அளவுக்கு வளர்ந்துவிட்டது. காட்டுக் காவலர்களுக்கு அதைக் கட்டுப்படுத்துவதே ஒரு வேலை. எதிர்த்திசையில் அதே கப்பல்கள்தான் பிரேசிலின் முந்திரியையும் மரவள்ளியையும் நம் கரைக்குக் கொண்டுவந்தன.

கேப் டவுனின் செல்வம் மரமல்ல, புதர். ஃபைன்பாஸ் எனப்படும் குட்டையான புதர்க்காட்டில் உள்ள செடிகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் வளராதவை. கேப் நிலப்பகுதி முழுவதும் ஏறத்தாழ 9,000 தாவர இனங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் தேசிய மலரான புரோட்டியாவும் இந்த மண்ணுக்குரியது. மலையின் கிழக்குச் சரிவில் 1913ல் தொடங்கப்பட்ட கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்கா இவற்றைக் காக்கவே ஏற்பட்டது. வயதானவர்களை அழைத்துப்போக அதைவிடச் சிறந்த இடம் அந்த ஊரில் இல்லை. நடைபாதை சீரானது, நிழல் உண்டு, மலை தலைக்கு நேர் மேலே.

பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் சைமன்ஸ் டவுனுக்கு அருகிலுள்ள போல்டர்ஸ் கடற்கரை. அங்கே ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் மணலில் கூடு கட்டி வாழ்கின்றன. மத்தி, நெத்திலி மீன்கள் குறைந்துவிட்டதால் இந்த இனத்தின் தொகை வேகமாகச் சரிந்து, 2024ல் மிகவும் அருகிவரும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. மரப்பலகைப் பாதையிலிருந்து பாருங்கள், தொடாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

துறைமுகம் சொல்லும் கதை

மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் இந்த ஊர்களில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு துறைமுகங்களும் மனிதர்களைச் சரக்காக இறக்கிய துறைகள்.

ரியோவின் வலோங்கோ துறை 1811ல் கட்டப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் அந்தக் கல்தளத்தில் கால் வைத்ததாக மதிப்பிடுகிறார்கள். 1843ல் பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் மணப்பெண் வந்திறங்குவதற்காக அதன்மேலேயே அலங்காரமான புதிய துறை கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் மண்ணுக்குள் போனது. நூறு ஆண்டு கழித்து, 2011ல், ஒலிம்பிக்ஸை முன்னிட்டுத் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டியபோது பழைய கற்கள் வெளியே வந்தன. 2017ல் அந்த இடம் உலக மரபுச் சின்னமானது. பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது 1888ல்தான். அருகிலேயே பெத்ரா டோ சால் என்னும் பாறைத் திட்டு இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கறுப்பின மக்கள் கூடிப் பாடிய இடங்களில் அதுவும் ஒன்று. சம்பா இசை வளர்ந்தது இந்த வட்டாரத்தில்தான். கார்னிவல் என்று உலகம் கொண்டாடும் விழாவின் உயிர் இந்தத் தெருக்களிலிருந்து வந்தது.

கேப் டவுன் கதையில் நமக்கும் நேரடிப் பங்கு உண்டு. டச்சுக் கம்பெனி இங்கே அடிமைகளை மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வணிகம் செய்த அதே கம்பெனிதான் இது. பிடித்து வந்தவர்களின் சொந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, அவர்கள் வந்த கரையின் பெயரை ஒட்டவைத்து ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். 1679ல் கட்டிய அடிமை விடுதி இன்று அருங்காட்சியகமாக, கம்பெனித் தோட்டத்தின் வாசலிலேயே நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிற எவரும் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அந்த மக்களின் வழிவந்தவர்கள் பலர் வாழும் பகுதி சிக்னல் ஹில் சரிவிலுள்ள போ-காப். பச்சை, மஞ்சள், ஊதா என்று வீட்டுக்கு வீடு வண்ணம் மாறும் தெருக்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் மசூதியான அவ்வல் மசூதி 1794 முதல் இங்கே இருக்கிறது. வாசலில் நின்று படம் எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது குடியிருப்பு, காட்சிப்பொருள் அல்ல.

இன்னொரு பகுதி போ-காப் போல இடிபடாமல் தப்பவில்லை. பல இனத்தவர் கலந்து வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966ல் வெள்ளையருக்கு மட்டுமான பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. 1994ல் திறந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரித்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

ராபன் தீவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை, 1964 முதல் 1982 வரை, இங்கே கழித்தார். வாட்டர்ஃப்ரன்டில் உள்ள மண்டேலா வாயிலிலிருந்து படகு கிளம்புகிறது. போய்வர, சுற்றிப்பார்க்க எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். சிறைக்குள் வழிகாட்டுகிறவர்கள் அங்கே கைதிகளாக இருந்தவர்களே. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வாயால் கேட்கும் வாய்ப்பு இன்னும் நெடுநாள் இருக்காது.

அந்தச் சிறையில் இந்திய வம்சாவளிப் போராளிகளும் இருந்தார்கள். டர்பனைச் சேர்ந்த சன்னி வெங்கடரத்னம் ஷேக்ஸ்பியரின் முழு நாடகத் தொகுப்பைத் தம் அறையில் வைத்திருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அட்டை முழுவதும் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, இது தம் மத நூல் என்று காவலர்களிடம் சொன்னார். புத்தகம் அறை அறையாகச் சுற்றியது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த வரிகளுக்கு அருகில் கையெழுத்துப் போட்டார்கள். மண்டேலாவின் கையெழுத்து 1977 டிசம்பர் 16 தேதியோடு ஜூலியஸ் சீசர் நாடகப் பக்கத்தில் இருக்கிறது.

எந்த மாதம் போவது?

இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தலைகீழ். நமக்கு மே மாதம் அக்னி நட்சத்திரம், அவர்களுக்கு இலையுதிர்காலம். நமக்கு மார்கழிக் குளிர், அவர்களுக்குக் கோடை. ஆனால் கோடை இரண்டு ஊரிலும் ஒன்றல்ல.

கேப் டவுனில் மழை பெய்வது குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பர், ஜனவரியில் வானம் காய்ந்து தெளிந்திருக்கும். பகல் வெயில் 26 டிகிரியை ஒட்டி இருக்கும். டிசம்பரில் சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகும் என்பதால் ஒரே நாளில் நிறையப் பார்க்கலாம். ரியோவில் நேர்மாறு. டிசம்பர், ஜனவரியில்தான் அங்கே மழையும் புழுக்கமும் உச்சம். சிலையின் உச்சி மேகத்துக்குள் போய்விடும் நாள்கள் அதிகம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைந்து, பகல் 25 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். ஆனால் மே மாதத்தில் மாலை ஐந்தேகாலுக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

ஆகவே பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கணக்கு எளிது. அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல் விடுமுறை என்றால் கேப் டவுன். மே மாத விடுமுறை என்றால் ரியோ. எந்த மாதமும் போகலாம் என்ற வசதி உள்ளவர்கள் கேப் டவுனுக்கு மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று தணிந்திருக்கும், உள்ளூர் விடுமுறைக் கூட்டமும் கலைந்திருக்கும். ரியோவில் புத்தாண்டு இரவு, கார்னிவல் இரண்டும் மறக்க முடியாத கொண்டாட்டங்கள். ஆனால் அந்த நாள்களில் அறை வாடகை பல மடங்காகும். பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நாட்டுக்கும் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். சென்னையிலிருந்து இரண்டுக்குமே நேரடி விமானம் கிடையாது. கேப் டவுனுக்கு வளைகுடா நகரங்கள் அல்லது ஆடிஸ் அபாபா வழியாக ஒரு மாற்றத்தில் போகலாம். ரியோ பயணம் இதைவிட நீண்டது. நேர வித்தியாசமும் அப்படியே: கேப் டவுன் நமக்கு மூன்றரை மணி பின்னால், ரியோ எட்டரை மணி பின்னால். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பிரேசில் போய்த் திரும்பும் இந்தியர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தப்படலாம். ஆப்பிரிக்க விமான நிலையம் வழியாகக் கேப் டவுன் போகிறவர்களும் தங்களுக்கு இந்த விதி பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குழந்தைகளோடு தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேப் டவுனில் ஆங்கிலம் எங்கும் போதும். வண்டிகள் நம்மைப் போலவே இடது பக்கம் ஓடுவதால் கார் வாடகைக்கு எடுத்துக் கடலோரமாகச் சாப்மன்ஸ் பீக் சாலையில் போய்வருவது சுலபம். ரியோவில் போர்த்துக்கீசியம் மட்டுமே பேசுகிறவர்கள்தான் பெரும்பாலோர். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி கட்டாயம்.

சைவச் சாப்பாட்டுக்குக் கேப் டவுன் மேல். இந்திய உணவகங்கள் உண்டு. போ-காப் சமையலில் சமோசா, ரொட்டி, அச்சார் எல்லாம் நம் நாக்குக்குப் பழகியவை. ரியோவில் எடைபோட்டுக் காசு வாங்கும் உணவகங்களைத் தேடுங்கள். சோறு, பயறு, காய்கறி, மரவள்ளி என்று வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொள்ளலாம். கறுப்புப் பயற்றில் பன்றி இறைச்சி சேர்ப்பது அங்கே வழக்கம் என்பதால் 'செம் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு ஊருமே எச்சரிக்கை கேட்பவை. தெருவில் கைபேசியைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். இருட்டிய பின் செயலி வழி டாக்ஸி மட்டும். மலைப்பாதைகளில் தனியாகப் போகாதீர்கள். நான்கு பேராகப் போங்கள். ரியோவின் குன்றுச்சரிவுக் குடியிருப்புகளான ஃபவேலாக்களுக்குள் உள்ளூர்க்காரர் துணையில்லாமல் நுழையக் கூடாது.

என் தீர்ப்பு

காடு, கடல் குளியல், இசை, தெருக்கூட்டம் ஆகியவற்றுக்காகப் போகிற இளைஞர்களும் நீண்ட விமானப் பயணம் தாங்கக்கூடியவர்களும் மே முதல் செப்டம்பருக்குள் ரியோ போங்கள். திஜூகா காட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கெடுத்த மலையை மனிதர்கள் திரும்ப உயிர்ப்பிக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாகப் போகும் தமிழ்க் குடும்பம், ஒரே ஒரு ஊருக்குத்தான் பணம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டால் தயங்காமல் கேப் டவுன் என்பேன். பயணம் குறைவு, மொழித் தொல்லை இல்லை, சாப்பாடு ஒத்துப்போகும், நம் அரையாண்டு விடுமுறையில் அங்கே மழை இருக்காது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பதிவு அங்கே இருக்கிறது.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வேண்டுகோள். பயணத்திட்டத்தில் ஒரு முழு நாளைத் துறைமுகத்தின் வரலாற்றுக்கு எழுதிவையுங்கள். ரியோவில் வலோங்கோ துறையும் அதைச் சுற்றிய தெருக்களும். கேப் டவுனில் காலையில் ராபன் தீவு, மாலையில் அடிமை விடுதி. பிள்ளைகளைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.